விளிம்பில் ஓடிய கோடு

உங்கள் வீட்டிலும் ராசா காசு இருந்திருக்கும். என் வயதுக்காரர்களில் வெள்ளி ரூபாயை உள்ளங்கையில் வைத்து ஒருமுறையாவது கனம் பார்க்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. நயா பைசா வந்து, ராசா தலையைக் கடையில் யாரும் வாங்காமல் போன பிறகும், அடுக்குப் பானையின் அடியில் நாலைந்து கிடக்கும். நல்லது கெட்டதுக்கு மட்டும் வெளியே வரும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தை இன்றைக்கும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். காசை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு படிப்பேன். நகத்தை விளிம்பில் வைத்தால் போதும், நல்லதா பொய்யா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமை ஒரு மனுசருக்கு உதவியிருக்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குக் கல்யாணம் உறுதியான வருசம். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டி எங்கள் தோட்டம். மாப்பிள்ளை வீடு பெருந்துறைப் பக்கம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பெண்ணை உறுதி செய்யும் நாளில் பதினோரு வெள்ளி ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து பெண்வீட்டில் கொடுப்பார்கள். கல்யாணத்தன்று காலையில் அதே முடிச்சை, அதே பதினோரு காசோடு, தாம்பாளத்தில் வைத்துத் திருப்பித் தரவேண்டும். அதன்பிறகுதான் தாலி. மூத்த மருமகளும் அந்தக் காசில்தான் வந்தவராம்.

அம்மா முடிச்சை விதைச்சோளம் போட்டிருந்த பானைக்குள் புதைத்தார். எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "இந்த முடிச்சு அவுந்துச்சுன்னா கல்யாணமே அவுந்து போவும். ஒரு கை அதும் மேல படக்கூடாது, ஆமா."

படக்கூடாது என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதை மறந்தே போயிருப்பேன்.

இரண்டாம் நாள் மதியம் அம்மாவும் சித்தியும் பருத்தி எடுக்கப் போயிருந்தார்கள். அக்கா வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பானைக்குள் கையை விட்டேன். சோளச் சுணை முழங்கை வரைக்கும் அரித்தது. துணி இன்னும் மஞ்சள் ஈரம் போகாமல் இருந்தது. முடிச்சின் வாலை இரண்டு முறை உள்ளே செருகி இறுக்கியிருந்தார்கள். பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். நாக்கில் மஞ்சள் கசந்தது.

பதினொன்றையும் பாயில் பரப்பினேன். கொண்டை போட்ட ராணி ஒன்று. கிரீடம் இல்லாத மொட்டை ராசா மூன்று. கிரீடம் வைத்த தாடி ராசா நான்கு. மீசை தாடி இல்லாத மழமழ ராசா மூன்று. அந்த மழமழ ராசாக்கள் மூவரும் ஒரே அச்சு. முகம் ஒன்று, பின்னால் பூங்கொடி ஒன்று, வருசம்தான் முன்னேபின்னே. திருப்பித் திருப்பிப் பார்த்தபோது ஒன்றின் விளிம்பில் மட்டும் ஏதோ தட்டுப்பட்டது. மற்றதற்கெல்லாம் விளிம்பில் பல் மட்டும்தான். இதற்குப் பல்லுக்கு நடுவே சுற்றிலும் ஒரு கோடு.

சட்டென்று காசைப் பாயில் போட்டேன். ஏனென்றால் அப்படி விளிம்பில் கோடு உள்ள காசு ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா மாட்டுச் சந்தையில் ஏமாந்து வாங்கி வந்த ஈயக் காசு. அச்சில் வார்த்த கள்ளக்காசு. ஊரே சிரித்தபிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டார். பாண்டி ஆட அதுதான் எனக்குச் சில்லு.

ஓடிப்போய் சில்லை எடுத்து வந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து நகத்தால் சுற்றி வந்தேன். சில்லின் கோடு மேடு. இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடத்தில் ஈயம் பிதுங்கி நிற்கும். நகம் அதில் தட்டி ஏறும். பல்லும் அந்த இடத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நழுவியிருக்கும். ராசா காசின் கோடு பள்ளம். வாய்க்கால் வெட்டினதுபோல் நேராக ஓடியது. நகம் அதில் இறங்கி வழுக்காமல் ஒரு சுற்று வந்தது. பல் கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒரே வரிசை. பார்வைக்கு ஒன்று, நகத்துக்கு வேறு. அப்போதைக்குச் சமாதானமாகித் துணியை முடிந்து பானைக்குள் போட்டுவிட்டேன். என் கைக்குத் தெரிந்த சாதாரண முடிச்சு.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. காசு பதினொன்றும் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். போய் அவிழ்த்து எண்ணுவேன். எண்ணி முடிந்தபின் அவிழ்த்துவிட்டோமே என்று பயம் வரும். மறுநாள் அந்தப் பயம் தீர இன்னொருமுறை எண்ணவேண்டும். இப்படி எத்தனை முறை என்று கணக்கில்லை. அந்த மாதத்தில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் அந்தத் துணி நிறம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்து, உப்பில்லாமல் சோறு போட்டார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைப்பார்களோ என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் கட்டுத்தறையில் மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, என்னால்தான், என்னால்தான் என்று முணுமுணுத்தேன். அக்கா தேறி எழுந்து உட்கார்ந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாய் வந்தார். கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். பழைய வெள்ளியை எடுத்துக்கொண்டு கொலுசு, அரைஞாண் கொடுப்பார். எங்கள் பக்கம் அவரை நம்பாத வீடு கிடையாது. இடுப்பில் அகலமான பச்சைப் பெல்ட், கையில் சின்னத் தராசு. அக்காவுக்குக் கொலுசு கொண்டுவந்திருந்தார்.

"அம்மணி ஒருக்கா நடந்து பாருங்," என்றார் அக்காவிடம். "சத்தம் பெருந்துறைக்குக் கேக்கோணும்."

"அவிங்களுக்குக் காது மந்தமுங், பாய்," என்றாள் அக்கா. அம்மா அவள் தலையில் தட்டினார்.

பாய் புறப்பட்டுப் போகும்போது நான் அந்தக் கோட்டுக் காசை எடுத்துக்கொண்டு கட்டுத்தறை வழியாகக் குறுக்கே ஓடினேன். நகம் சொன்னது போதவில்லை. பெரியவர் ஒருவர் வாயால் கேட்டால்தான் தூங்க முடியும்போல் இருந்தது.

"ஏனுங் பாய், இது நல்ல காசா, செல்லாக் காசா?"

"ஏது அம்மணி?"

"எங்க ஊட்டுதுதான்." பாதி பொய்.

அவரும் நகத்தைத்தான் முதலில் வைத்தார். பிறகு வேட்டியில் தேய்த்துப் பார்த்தார். கல்லில் சுண்டினார். "சுத்தமான தங்கசாலைக் காசு, சர்க்கார் அடிச்சது. கள்ளக்காசு வார்க்கறவனுக்கு இந்தக் கோடு வராது. அவனைத் தடுக்கறதுக்குன்னே போட்டது. வெள்ளி பாதிதான் போட்டிருக்கான், அதனால மத்ததாட்டம் கணீர்னு கேக்காது. ராசா மேல குத்தமில்ல."

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்."

"எதைச் சொல்றது?"

"நான் காசைக் காட்டுனதை. யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியமா?"

அவர் சிரித்தார். "சத்தியமா. போ கண்ணு, வெயில்ல நிக்காதே."

திரும்பினால் சித்தி தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். காசு அப்போது பாய் கையில் இருந்தது. மாட்டுக்குப் பின்னால் நின்ற நான் சித்தி கண்ணில் படவில்லை. அவர் உள்ளே போனதும் பாயிடம் காசை வாங்கிவந்து முடிச்சில் சேர்த்தேன்.

கல்யாணம் எங்கள் வாசலில். தென்னை ஓலைப் பந்தல், கீழே பவானி ஜமக்காளம். சந்தனமும் புதுத்துணியும் பந்திச் சாம்பாரும் கலந்த வாசனை. அக்கா மாலையோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சடங்கை நடத்தும் அருமைக்காரர் முடிச்சைக் கேட்டார். தாம்பாளத்தை ஏந்தி நின்றவள் நான். சின்னப் பெண் ஏந்தினால் நல்லது என்று அம்மாதான் என் கையில் கொடுத்தார். தேங்காய் உருளாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா முடிச்சை எடுத்தார். அவிழ்க்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங் சம்மந்தி, இது நான் கட்டுன முடிச்சு இல்லீங்களே. நான் வாலை ரெண்டு மடிப்பு உள்ள செருகியில்ல கட்டுவேன்."

"வெச்சது வெச்சபடிதானுங் இருக்குது," என்றார் அம்மா. "ஒரு கை தொடலீங்."

நான் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா சந்தனக் கல்லைப் பக்கத்தில் இழுத்து ஒவ்வொரு காசாகச் சுண்டினார். ராணி கணீர். மொட்டை ராசா கணீர். தாடி ராசா கணீர். ஒரு காசு மட்டும் டொப்பென்றது. எடுத்து விளிம்பைப் பார்த்தார். "கோடு பாருங். ரெண்டு பாதியா வார்த்து ஒட்டியிருக்குது. விளிம்புல கோடு இருந்தா வார்ப்புக் காசுன்னு பச்சப்புள்ளைக்குத் தெரியுமே!"

காசு கைமாறிக் கைமாறிப் போனது. வாங்கினவர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஒருவர்கூட நகத்தை வைக்கவில்லை.

"பொண்ணு மேல ஒண்ணும் குத்தமில்லீங்," என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. "ஊட்டு மேலதான். பதினோரு காசைப் பத்தரமா வெச்சிருக்க முடியாத ஊட்டுல எப்படிங் சம்மந்தம் பண்றது?"

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொட்டு நின்றுவிட்டது. அப்போது சித்தி சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் வீட்டைக் காப்பாற்றச் சொன்னார். "போன வாரம் பாய் வந்திருந்தாருங்களே. கட்டுத்தறைகிட்ட நின்னு ஒரு வெள்ளிக் காசைத் தேச்சுத் தேச்சுப் பாத்துட்டிருந்தாரு. என் கண்ணால கண்டேன்."

பாய் அங்கேதான் இருந்தார். அப்பா விருந்துக்கு அழைத்த ஒரம்பரை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பந்தல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டார்கள். எழுந்து வந்தார்.

"இந்தக் காசு உன் கைக்கு எப்படி வந்துச்சு?" என்றார் அப்பா. அதுவரை அவரை 'வாங்க பாய்' என்று கூப்பிட்டவர்.

பாய் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நான் தாம்பாளத்தைப் பார்த்தேன். சொன்னால் முடிச்சை அவிழ்த்தது தெரியும். முடிச்சு அவிழ்ந்தது தெரிந்தால் கல்யாணம் அவிழும். ஒன்பது வயதில் எனக்கு அதற்கு மேல் கணக்குப் போடத் தெரியவில்லை.

"காசைப் பாத்தது நெசம்தானுங்," என்றார் அவர். "எப்படி வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேனுங். ஆனா அது நல்ல காசு."

"கள்ளக்காசைக் குடுத்துப்போட்டு நல்ல காசாம்!" யாரோ சிரித்தார்கள்.

"நம்பலைன்னா உடுங். முகூர்த்தம் தப்பக்கூடாது." பெல்ட்டுக்குள்ளிருந்து ஒரு தாடி ராசாவை எடுத்து என் தாம்பாளத்தில் வைத்தார். பின்பக்கம் மேலே இருந்தது. கீழே இருந்த தாமரைப் பூவுக்கு அடியில் சின்னதாக ஒரு பொட்டு. முடிச்சிலிருந்த நான்கு தாடி ராசாவுக்கும் அந்தப் பொட்டு கிடையாது. அந்த நேரத்திலும் என் கண் அதைத்தான் பார்த்தது.

மாப்பிள்ளையின் அம்மா எந்த ராசா என்றுகூடப் பார்க்காமல் சுண்டினார். கணீர்.

"இப்ப வந்துச்சு பாருங் நெசம்," என்றார். "மடியிலேயே வெச்சிருந்திருக்கான்."

பாய் பந்தியில் உட்காரவில்லை. மெயின் ரோட்டைப் பார்த்து நடந்து போனார். கொட்டு மறுபடி அடிக்கத் தொடங்கியது. அக்கா கழுத்தில் தாலி ஏறியது. அவள் எழுந்து நடந்தபோது கொலுசு நன்றாகத்தான் சத்தம் போட்டது. அந்த வெள்ளியை யாரும் சந்தேகப்படவில்லை.

சாயங்காலம் சித்தி அந்தக் கோட்டுக் காசை என் பக்கம் வீசினார். "இந்தா புள்ளே, உனக்கு இன்னொரு சில்லு."

நான் அதை வைத்துப் பாண்டி ஆடவில்லை. பாண்டியே ஆடவில்லை.

பாய் எங்கள் பக்கம் அதன்பிறகு வரவில்லை. 'காசு மாத்துன பாய்' என்று ஒரு பேர் மட்டும் தங்கிவிட்டது. கடைக்காரன் எடையில் கைவைத்தால், சீட்டாட்டத்தில் ஒருவன் ஏமாற்றினால், "இவன் காசு மாத்துன பாய்" என்பார்கள். தாலி ஏறிவிட்டது, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்றது அக்காவின் முதல் பிள்ளை பிறக்கட்டும் என்று ஆனது. அப்புறம் அப்பா இருக்கும்வரை வேண்டாம் என்று ஆனது. எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, நானும் கோவையில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பெரியவர்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மாப்பிள்ளையின் அம்மா சொன்ன விதி பொய்யில்லை. வார்ப்புக் காசுக்கு விளிம்பில் கோடு இருக்கும். எங்கேயோ ஏமாந்து கற்றிருப்பார். மேடா பள்ளமா என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. பொய்க்காசைத் தடுக்கத் தங்கசாலையில் போட்ட கோட்டைக் காட்டியே நல்ல காசைப் பொய் என்றார்கள். நல்ல மனுசரையும் அப்படித்தான் சொன்னார்கள். கோவையில் பழைய காசுக் கண்காட்சி ஒன்று வந்தபோது அந்தக் காசைக் கொண்டுபோனேன். லென்ஸ் வைத்துப் பார்த்த ஆள், பாய் சொன்னதையே சொன்னான். "பெரிய விலையெல்லாம் போவாதுங்கம்மா, சாதாரணக் காசுதான். ஆனா ஒரிஜினல்." விலையை யார் கேட்டது?

போன மாதம் அக்காவின் பேரனுக்குக் கல்யாணம். ஏசி மண்டபம். மேடையில் வெள்ளித் தாம்பாளத்தில் மஞ்சள் முடிச்சு வந்தது. அதே பதினோரு காசு. இப்போது சுண்டிப் பார்ப்பது அக்கா. மாமியார் மாதிரியே சந்தனக் கல்லை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்காவின் கொழுந்தனார் சத்தமாகச் சொன்னார்: "பாத்து எண்ணுங் மதினி, காசு மாத்துன பாய் வந்துரப் போறாரு!"

மேடையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். என் பர்சில் அந்தக் காசு இருந்தது. எப்போதும் இருக்கும்.

"சித்த நிறுத்துங்," என்றேன். "பாய் மாத்தல. முடிச்சை அவுத்தது நான். அவரு கையில காசைக் குடுத்ததும் நான்."

இளவட்டங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மாயிக்குச் சேர் போடுங்கடா," என்றான் ஒருவன். அக்கா மட்டும் என்னையே பார்த்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல புள்ளே?"

"உன்ற கல்யாணம் நின்னு போயிருமோன்னு பயந்துட்டேன்."

"நின்னிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன், போ." யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. தன் காலைப் பார்த்தாள். "அந்தக் கொலுசு இன்னும் கறுக்கலை," என்றாள். பிறகு தாம்பாளத்தை என் பக்கம் தள்ளினாள். "இதுல அவரோடது எது?"

தாடி ராசா ஐந்து இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். நான்காவதில் தாமரைக்குக் கீழே பொட்டு. அதை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் என் பர்சிலிருந்த கோட்டுக் காசை வைத்தேன். அந்த முடிச்சில் காசு மாற்றியது உண்மையில் அன்றைக்குத்தான். மாற்றியது நான்.

அக்கா அதை எடுத்துக் கல்லில் சுண்டினாள். டொப்பென்றது. மேடையில் எல்லோருக்கும் கேட்டது.

"அதோட சத்தமே அதுதான்," என்றாள் அக்கா. "முடிச்சைக் கட்டுங்."

மறுவாரம் கோட்டைமேட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் மாறிவிட்டது. வெள்ளிக்கடை வைத்திருந்தவர்களில் வயதானவர்களைக் கேட்டேன். அவருடைய பேர்கூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாய் என்றால் அங்கே யாரைச் சொல்வது? எங்களுக்கு அவர் பாய் மட்டும்தான். பேரைக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பட்டப்பேரை இனி வாயில் எடுக்காதீர்கள். பச்சைப் பெல்ட் கட்டி, சின்னத் தராசோடு பெரியநாயக்கன்பாளையம் பக்கம் வெள்ளி வியாபாரத்துக்கு வந்துகொண்டிருந்து, ஒரு கல்யாணத்துக்குப் பிறகு வராமல் நின்றுபோனவர் என்று உங்கள் வீட்டில் யாரையாவது சொல்லிக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். தாடி ராசா காசு ஒன்று, தாமரைக்குக் கீழே பொட்டு வைத்தது, உங்களுக்குச் சேரவேண்டியது என்னிடம் இருக்கிறது.